அவரைக் கேட்டீர்களா? இன்னொருவர் வாழ்க்கையைத் தொடும் முடிவை எடுக்கும் முன்

என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினொரு பேர் உட்கார்ந்து பேசினோம். அப்பா, இரண்டு சித்தப்பா, அத்தை, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள், நான். "ஆயாகிட்ட சொல்ல வேணாம், பயந்திடும்" என்று முடிவாயிற்று. ஆயா பக்கத்து அறையில் லோட்டஸ் எஃப்எம் ரேடியோ கேட்டுக்கொண்டு படுத்திருந்தார், கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. அவருடைய உடம்பைப் பற்றி, அவருக்கு மிச்சமிருந்த நாட்களைப் பற்றி அத்தனை பேரும் பேசினோம், அவரை ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டார். "புண்ணுதான் ஆயா, மாத்திரையில ஆறிடும்" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். அதன் பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஏழு வாரத்தில் போய்விட்டார். டொங்காட்டில் இருந்த தங்கையோடு அவருக்கு இருபது வருஷமாகப் பேச்சு கிடையாது. அந்தத் தங்கை சாவுக்குத்தான் வந்தார்.

எங்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அன்பினால்தான் செய்தோம், இன்று கேட்டாலும் என் சித்தப்பா அப்படித்தான் சொல்வார். ஆனால் அதற்குப் பிறகு நான் நிறைய யோசித்தேன், நிறையப் படித்தேன், கோயில் கமிட்டியிலும் மருத்துவமனைத் தன்னார்வ வேலையிலும் மற்றவர்கள் விஷயத்தில் முடிவெடுக்க வேண்டிய இடங்களில் பல முறை நின்றேன். எது சரி என்று குழம்பும்போது நான் என்ன செய்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் உதவலாம்.

முதலில் பெயர்களை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, இந்த முடிவு யார் யாரைத் தொடும் என்று எழுதுங்கள். "வேலைக்காரி", "நோயாளி", "அந்தப் பையன்" என்று எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இதை நான் வெட்கத்தோடுதான் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிற ஜூலு அம்மா ஒருவர் இருக்கிறார். வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்கு அவரைப் பதிவு செய்ய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தபோதுதான், நாங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆங்கிலப் பெயர் அவருடைய பெயரே இல்லை என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பெயராம். "நீங்க கேக்கல, நானும் சொல்லல" என்றார். அவருடைய உண்மையான பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார், அதனால் எழுதவில்லை.

பெயருக்குப் பதிலாக வேறொன்றை வைத்து ஆளை அழைப்பது என்னவென்று நமக்குத் தெரியாததில்லை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் ஒப்பந்தத் தொழிலாளிகளை இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிக் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் வந்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். என் கொள்ளுத்தாத்தாவின் எண்ணை என் அப்பா இன்னும் மனப்பாடமாகச் சொல்வார், அவருடைய ஊர்ப் பெயரை மட்டும் எங்களில் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

உரிமையா, ஆசையா?

பெயர்களை எழுதியாயிற்றா, இப்போது ஒவ்வொரு பெயருக்கும் நேராக, அவருக்கு இதில் உரிமை என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். இங்கேதான் நாம் அதிகமாகக் குழம்புகிறோம், ஏனென்றால் ஆசையையும் வழக்கத்தையும் உரிமை என்று நினைத்துவிடுகிறோம். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: "இன்னாருக்கு இதில் உரிமை இருக்கிறது" என்று சொன்னவுடனே, "அப்படியானால் அதைக் கொடுக்க வேண்டிய கடமை யாருக்கு?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அது உரிமைதான். மகளுக்குக் கேப் டவுனில் வேலை கிடைத்திருக்கிறது, அப்பாவுக்கு அவள் டர்பனிலேயே இருக்க வேண்டும். அப்பாவின் தவிப்பு உண்மையானது, அதை உட்கார்ந்து கேட்க வேண்டும், ஆனால் அவருக்காகத் தன் வேலையை விட்டுவிடுகிற கடமை மகளுக்குக் கிடையாது. அது அப்பாவின் ஆசை. ஆயா தன் நோயைப் பற்றிக் கேட்டாரே, அது அப்படி இல்லை. பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருந்தது. நான் கொடுத்தது பொய்.

சட்டத்தில் இல்லையே என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். சட்டம் பல சமயம் பின்னால்தான் வருகிறது. 2012-ல் பிரிட்டோரியாவில் வேலை செய்த வீட்டிலேயே நீச்சல் குளத்தில் விழுந்து ஒரு வீட்டுப் பணியாளர் இறந்தார். வேலையில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு தரும் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளர்களை விட்டுவிட்டிருந்ததால் அவர் மகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2020 நவம்பரில்தான் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது, அதுவும் 1994 ஏப்ரல் 27-லிருந்தே செல்லாது என்றது. அப்படியானால் 2012-லிருந்து 2020 வரை அந்த மகளுக்கு உரிமையே இல்லாமலா இருந்தது? உரிமை இருந்தது. நாம் எல்லோரும் அதைக் கொடுக்காமல் இருந்தோம்.

சட்டம் வெளிப்படையாக அநியாயம் செய்த காலமும் உண்டு. 1950-ல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி, கேட்டோ மேனரில் வாழைமரமும் மல்லிகைப் பந்தலுமாக இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி 1960-களில் ஆயாவுக்குக் கடிதம் வந்தது. அவரை யாரும் கேட்கவில்லை. அவர் வாழ்க்கையை அவரைக் கேட்காமல் முடிவு செய்தது அது முதல் முறை என்றால், கடைசி முறை எங்களுடையது. இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

உங்கள் பக்கத்துக் கடமைகளையும் எழுதுங்கள். எவருக்கும், எந்தக் காரணத்துக்கும் செய்யக் கூடாதவை சில இருக்கின்றன: ஏமாற்றுவது, அடிப்பது, கட்டாயப்படுத்துவது, அவருக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொள்வது. இவற்றைச் செய்யாமல் இருக்கப் பணமும் வேண்டாம், நேரமும் வேண்டாம், அதனால் எல்லோராலும் எப்போதும் முடியும். இன்னொரு பக்கம் உதவி செய்வது, வளர்த்துவிடுவது, ஆறுதல் சொல்வது மாதிரிக் கடமைகள். அவையும் கடமைதான், ஆனால் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று தேர்ந்தெடுக்க நமக்கு இடம் உண்டு. முதல் வகையை மீறி இரண்டாவது வகையைச் செய்யப் போகிறீர்கள் என்றால், அதாவது ஏமாற்றி உதவுவது, கட்டாயப்படுத்தி நல்லது செய்வது என்றால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு நாள் யோசியுங்கள்.

கூலி கொடுப்பது இதில் எந்த வகை என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம், முதல் வகை. 2025 மார்ச்சில் இங்கே குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 28.79 ராண்ட் என்று வைத்தார்கள், வீட்டு வேலைக்கும் அதேதான். மாதத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் உங்களிடம் வேலை செய்கிறவரைக் காப்பீட்டு நிதியில் பதிவு செய்ய வேண்டும், அவருடைய பங்கு ஒரு சதவீதம், உங்களுடையது ஒரு சதவீதம். தீபாவளிக்குப் புடவையும் பலகாரப் பெட்டியும் கொடுத்துவிட்டு இதைச் செய்யாமல் விடுகிறவர்களை எனக்குத் தெரியும். நானே அப்படி இருந்தவள்தான்.

பாலசுந்தரத்தின் தலைப்பாகை

மரியாதை என்றால் நமக்குப் பெரியவர்கள் காலில் விழுவது, பேர் சொல்லிக் கூப்பிடாமல் இருப்பது என்றுதான் முதலில் தோன்றும். அது ஒரு மரியாதை. நான் இங்கே சொல்வது வயசையோ பதவியையோ பார்க்காத மரியாதை, ஒருவர் மனிதர் என்பதற்காகவே கொடுக்க வேண்டியது. 1785-ல் காண்ட் என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இதைத் தெளிவாகச் சொன்னார்: எந்த மனிதரையும் உன் காரியத்துக்கான கருவியாக மட்டும் நடத்தாதே. அதில் "மட்டும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். டாக்ஸி ஓட்டுகிறவரை டவுனுக்குப் போக நான் பயன்படுத்திக்கொள்ளத்தான் செய்கிறேன், ஆனால் அவர் சம்மதித்து ஓட்டுகிறார், கூலி வாங்குகிறார், எங்கே நிறுத்தலாம் என்று அவர் சொன்னால் நான் கேட்கிறேன். அவர் வழுக்கி விழுந்தால் வண்டி நின்றுபோச்சே என்று மட்டும் கவலைப்பட்டேன் என்றால், அங்கேதான் தப்பு.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது, நடந்த கதை. டர்பனில் காந்தி வக்கீல் தொழில் ஆரம்பித்து மூன்று நான்கு மாதம் ஆனபோது பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி அவரிடம் வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, கிழிந்த துணியோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வெள்ளைக்காரர் முன்னால் போகும்போது தலைப்பாகையைக் கழற்றிவிட வேண்டும் என்பது அந்தக் காலத்தில் நம்மவர்களுக்கு இருந்த கட்டாயம், அதே பழக்கத்தில் காந்தி முன்னாலும் கழற்றிக்கொண்டு வந்தார். காந்தி அவரை முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டார், முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. மருத்துவச் சான்று, நீதிபதி, வேறு முதலாளியிடம் ஒப்பந்தத்தை மாற்றுவது, எல்லாம் பிறகுதான் நடந்தன.

இந்த வரிசை எனக்குப் பிடிக்கும். அடிபட்ட மனிதருக்கு டாக்டர்தானே முதலில் வேண்டும் என்று வாதாடலாம், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் எதிரில் நிற்கிறவர் குனிந்து நின்றால் அவர் என்ன விரும்புகிறார் என்பதை நம்மால் கேட்கவே முடியாது, நாம் சொல்வதற்கெல்லாம் அவர் தலையாட்டுவார், அதைச் சம்மதம் என்று நாம் எழுதிக்கொள்வோம். அதே காந்தி அந்த வருஷங்களில் ஆப்பிரிக்கர்களைப் பற்றி எழுதியவை இன்று படிக்கக் கூசும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவரைப் பார்த்த கண் இன்னொருவரைப் பார்க்காமல் போகும். நமக்கும் அது நடக்கும்.

ஆகவே முடிவைப் பற்றிப் பேசும் முன், எதிரில் இருப்பவர் தலை நிமிர்ந்து பேச என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யுங்கள். நாற்காலி கொடுங்கள். நின்றுகொண்டிருக்கிறவரோடு உட்கார்ந்துகொண்டு பேசாதீர்கள். அவருக்கென்று தனியாக எனாமல் குவளை வைத்திருந்தால் அதை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். எங்கள் வீட்டிலும் இருந்தது, சமையலறை ஜன்னலுக்குக் கீழே, ஓரத்தில் நீலக்கோடு போட்டது.

எப்படிக் கேட்பது

கேட்பதற்கும் முறை இருக்கிறது. குடும்பமே சுற்றி நிற்கும்போது கேட்டால் வரும் பதில் குடும்பத்துக்கான பதில், ஆகவே ஒரு முறையாவது தனியாகக் கேளுங்கள். அவருக்கு எந்த மொழியில் யோசிக்க வருமோ அந்த மொழியில் கேளுங்கள். கெட்ட செய்தி என்றால் நேராகக் கொட்டாமல், "டாக்டர் சொன்னதை முழுசா சொல்லணுமா, கொஞ்சம் கொஞ்சமா சொல்லணுமா, இல்ல வேற யார்கிட்டயாவது சொல்லட்டுமா?" என்று முதலில் கேளுங்கள். சிலர் தெரிந்துகொள்ள விரும்ப மாட்டார்கள், அதுவும் அவர்கள் உரிமை. அவர் "எனக்குச் சொல்லாதே" என்பதும், நாம் "அவருக்குச் சொல்லாதே" என்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும், இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். நம் வீடுகளில் இது ரொம்பக் கஷ்டம். அவர் யோசிப்பதற்குள் நாமே இரண்டு பதில் சொல்லிவிடுவோம்.

"வேண்டாம்" என்று பதில் வந்தால் அதுவும் பதில்தான். நான்கு பேர் மாறி மாறி வந்து அதே கேள்வியைக் கேட்டுச் "சரி" வாங்குவது கேட்பதாகாது. இந்த நாட்டில் 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம் இதையெல்லாம் எழுதியே வைத்திருக்கிறது: நோய் என்ன, என்னென்ன சிகிச்சை உண்டு, மறுத்தால் என்ன ஆகும் என்பதை நோயாளிக்கு, முடிந்தவரை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். 12 வயது தாண்டி, விஷயம் புரிகிற பக்குவம் இருக்கிற பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் சொல்லலாம் என்கிறது இங்குள்ள குழந்தைகள் சட்டம்.

அவரால் சொல்ல முடியாத நிலை என்றால்? நினைவிழந்திருந்தால், அவர் யாரையாவது எழுதி நியமித்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் கணவன் அல்லது மனைவி, அல்லது சேர்ந்து வாழும் துணை, அதன் பின் பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் என்று சட்டம் வரிசை வைத்திருக்கிறது. யாராக இருந்தாலும், "நான் என்ன விரும்புகிறேன்" என்பதைத் தள்ளி வைத்துவிட்டு "அவர் விழித்திருந்தால் என்ன சொல்வார்" என்று யோசிக்க வேண்டும். மறதி நோய் வந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். வீட்டை விற்பது புரியாதவருக்கு, இன்றைக்கு எந்தப் புடவை கட்ட வேண்டும், யார் குளிப்பாட்ட வேண்டும் என்பது நன்றாகவே புரியும். காலையில் தெளிவாக இருக்கிறவர் சாயங்காலம் குழம்பலாம், ஆகவே நேரம் பார்த்துக் கேளுங்கள்.

கடமைகள் ஒன்றோடொன்று மோதும்போது

1930-ல் ராஸ் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர், நமக்கு ஒரே ஒரு கடமை இல்லை, பல கடமைகள் இருக்கின்றன என்றார்: சொன்ன சொல்லைக் காப்பது, செய்த தப்பைச் சரிசெய்வது, நன்றி, நியாயமாகப் பங்கிடுவது, நல்லது செய்வது, தன்னை மேம்படுத்திக்கொள்வது, தீங்கு செய்யாமல் இருப்பது. இவற்றை எப்போதைக்குமாக ஒரே வரிசையில் அடுக்கிவிட முடியாது, அந்தந்த இடத்தில் எது கனமானது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் வாழ்க்கை அப்படித்தான் இருக்கிறது.

ஒரு தோழி உங்களிடம் வந்து, "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கிவிட்டு, புருஷன் அடிக்கிறான் என்கிறாள். நேராகப் போலீசுக்கு ஓடினால் அவளுடைய நம்பிக்கையை உடைத்தீர்கள், அவள் ஆபத்தை இன்னும் பெரிதாக்கவும் செய்யலாம், எப்போது வெளியேறுவது என்பது அவளுக்குத்தான் தெரியும். பேசாமல் இருந்தால் அவளை விட்டுவிட்டீர்கள். முதல் வேலை அவளையே கேட்பது: உனக்கு என்ன வேண்டும், இன்றிரவு பத்திரமாக இருக்க இடம் இருக்கிறதா, பத்திரங்களை என் வீட்டில் வைத்துக்கொள்ளட்டுமா, பாதுகாப்பு உத்தரவு கேட்க நீதிமன்றத்துக்குக் கூட வரட்டுமா? உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தால் சத்தியம் பின்னால் போகும். அப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால் செய்யாதீர்கள், "நான் இதைச் சொல்லப் போகிறேன், உன்னிடம் முதலில் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

குழந்தை விஷயத்தில் தராசே வேண்டாம். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தால் உடனே போலீசில் சொல்ல வேண்டும், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தெரிந்த ஒவ்வொருவருக்கும் கடமை. குடும்ப மானம், கல்யாண வயசில் அக்கா இருக்கிறாள், மாமா இல்லாமல் வீடு ஓடாது, இதெல்லாம் அந்தத் தாளில் எழுதவே கூடாத வரிகள்.

எல்லோருக்கும் போதாதபோது

நம் சுப்பிரமணி வழக்கை இங்கே சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள். நீரிழிவு, இதய நோய், பக்கவாதம், அதோடு சிறுநீரகமும் போய்விட்ட 41 வயது டர்பன்காரர். தனியார் டயாலிசிஸுக்குக் கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது. அரசு அடிங்டன் மருத்துவமனையில் இருந்த இயந்திரங்களோ கொஞ்சம், கேட்கிறவர்கள் அதிகம், அதனால் குணமாக வாய்ப்புள்ளவர்களுக்கும் மாற்றுச் சிறுநீரகம் வைக்கத் தகுதியானவர்களுக்கும் முன்னுரிமை என்று விதி வைத்திருந்தார்கள். இதய நோயால் அவர் அதில் வரவில்லை. 1997 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. கொஞ்ச நாளில் இறந்தார்.

இதைப் படித்து நான் அழுதிருக்கிறேன், தீர்ப்பு தப்பு என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. இருப்பது கொஞ்சம் என்றால் யாரோ ஒருவருக்கு இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது என்பதில் நிறைய இருக்கிறது. விதி முன்கூட்டியே இருக்க வேண்டும், ஆளைப் பார்த்து எழுதக் கூடாது. தலைவருடைய மச்சானுக்கும் தெருவில் போகிறவருக்கும் ஒரே விதி. மறுக்கப்பட்டவருக்குக் காரணத்தை நேரில் சொல்ல வேண்டும், குமாஸ்தாவை அனுப்பிச் சொல்லக் கூடாது. "உங்க உடம்ப நீங்கதான் கெடுத்துக்கிட்டீங்க" என்று பழி போடக் கூடாது. மறுத்த பிறகும் வலி குறைக்க, கூட உட்கார, செய்ய வேண்டியது மிச்சம் இருக்கும். கோயில் படிப்பு உதவித்தொகை கொடுக்கும்போது எங்கள் கமிட்டி இப்போது இதைத்தான் பின்பற்றுகிறது. விண்ணப்பம் வருவதற்கு முன்பே விதியை எழுதிப் பலகையில் ஒட்டிவிடுகிறோம்.

கொடுக்கும்போது

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் மாகாணமான குவாசூலு நட்டாலில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோயில் மண்டபத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய், டின் மீன் கட்டிக் கொடுத்தோம். ஒவ்வொரு பையும் கைமாறும்போது ஒரு ஃபோட்டோ, வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு, பணம் கொடுத்தவர்கள் பார்க்க வேண்டுமே என்று. ஓர் அம்மா பையை வாங்கும்போது முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஃபோட்டோ எடுத்த தம்பி, "ஆண்ட்டி, இந்தப் பக்கம் பாருங்க" என்றான்.

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் சொன்னேன், சண்டையே வந்தது, கடைசியில் ஆட்களை எடுக்காமல் அடுக்கிய பைகளை மட்டும் எடுப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். அதைவிட முக்கியமாக, "என்ன வேணும்?" என்று கேட்க ஒரு மேஜை போட்டோம். அரிசி மூட்டையை யாரும் முதலில் கேட்கவில்லை. அடையாள அட்டை தண்ணீரில் போய்விட்டது, மாற்று எடுக்க வழி தெரியவில்லை என்றார்கள், மாதவிடாய்த் துணி வேண்டும் என்று கூச்சத்தோடு சொன்னார்கள், பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை கேட்டார்கள். நாங்களாக யோசித்திருந்தால் இன்னும் பத்து டின் மீன் சேர்த்திருப்போம்.

பயம் பிடித்திருக்கும்போது

2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் எரிந்தபோது எங்கள் தெரு முனையில் டயரும் மரக்கட்டையும் போட்டு ஆண்கள் காவல் நின்றார்கள். போலீஸ் வரவில்லை, பயம் உண்மையானது, நானும் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். இரவு வேலை முடிந்து ஓவரால் போட்ட ஒரு கறுப்பர் நடந்து வந்தார். அதற்கு முன் நம்மவர்களின் மூன்று கார்கள் கேள்வியே இல்லாமல் போயின. இவரை நிறுத்தினார்கள், பையைத் திறக்கச் சொன்னார்கள், சாப்பாட்டு டப்பாவையும் திறக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் காட்டிவிட்டு, டப்பாவை மூட முடியாமல் கை நடுங்க நின்றார். டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் அதே நாட்களில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்.

அன்றைக்கு நான் என்ன செய்திருக்கலாம் என்று இப்போது தெரியும், அதை எழுதுகிறேன். பயத்தோடு முடிவெடுக்கும் இடத்தில் விதியை எல்லோருக்கும் ஒன்றாக்குங்கள்: நிறுத்தினால் எல்லோரையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் யாரையும் நிறுத்தாதீர்கள். எதிரில் வருபவரை ஒரு கூட்டத்தின் ஆளாகப் பார்க்கும் முன் "சாவுபோனா" என்று சொல்லுங்கள், ஜூலுவில் அந்த வணக்கத்துக்கு நேர்ப்பொருள் "உன்னைப் பார்க்கிறோம்" என்பது. கம்பு வைத்திருக்கிறவர் கையில் முடிவை விடாதீர்கள், கூட்டத்தில் நிதானமான இரண்டு பேரையாவது, முடிந்தால் பெண்களை, முன்னால் நிறுத்துங்கள். இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 10-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் இயல்பாகவே கண்ணியம் உண்டு, அது மதிக்கப்படவும் காக்கப்படவும் வேண்டும் என்கிறது. 1995-ல் மரண தண்டனையை ரத்து செய்தபோது நீதிமன்றம் கொலைகாரனுக்கும் அது உண்டு என்றது. வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிற மனிதருக்கு இல்லாமல் போகுமா?

தப்பான பிறகு

எவ்வளவு யோசித்தாலும் தப்பு நடக்கும், சரியாக முடிவெடுத்தாலும் யாருக்காவது கொடுக்க வேண்டியது பாக்கி நிற்கும். மன்னிப்புக் கேட்கும்போது "மனசு புண்பட்டிருந்தா" என்று ஆரம்பிக்காதீர்கள், என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்யுங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அந்த ஜூலு அம்மாவுக்கு ஒன்பது வருஷக் காப்பீட்டுப் பங்கைப் பின்தேதியிட்டுக் கட்டினேன், அவர் கணக்கைத் தன் மகளிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார், அப்படித்தான் செய்ய வேண்டும். மன்னிப்பை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், மன்னிப்பதா வேண்டாமா என்பது அவர் விஷயம்.

போன வருஷம் டொங்காட்டுக்குப் போனேன். சின்ன ஆயாவுக்கு இப்போது 84 வயது. உங்க அக்காவுக்கு வந்த நோயை அவங்ககிட்டயும் மறைச்சோம், உங்ககிட்டயும் மறைச்சோம், பொய் சொன்னது நான்தான் என்று சொன்னேன். ரொம்ப நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "கடைசியில என்னப் பாக்கணும்னு சொன்னாளா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியாது சின்ன ஆயா. நாங்க அவங்கள எதுவுமே கேக்கல" என்றேன்.